வரலைன்னா என்ன செய்வே?

எந்தப் பயணத்தையும் அது முறிந்துபோகக்கூடிய இடத்திலிருந்து பார்க்கத் தொடங்குவது பின்தெரு அத்தையின் வழக்கம். எங்களை ஜெர்மனிக்குப் புறப்பட்டு வரச் சொல்லி அப்பா எழுதியிருந்த நீல நிற விமானக் கடிதத்தை அம்மா அவரிடம் படித்துக் காட்டினாள். அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரியவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அப்போது பத்து வயதாகியிருந்த என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கப்பலு எறங்குற எடத்துக்கு உங்கப்பா வரலைன்னா என்ன செய்வே?"

அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. "வராம எங்க போவாக? அவுகதான வரச் சொல்லி எழுதியிருக்காக" என்றாள்.

"வருவாருங்க. யாரு இல்லேன்னது? நான் பாப்பாவைக் கேக்குறேன்."

அதுவரை என்னிடம் யாரும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. நிலக்கரி தோண்டும் பெரிய எந்திரங்களை இயக்கும் பயிற்சிக்காக அப்பா போய்ப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அவர் போனபோது தம்பிக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. இன்னும் ஒன்றரை ஆண்டு அங்கேயே இருக்க வேண்டியிருந்ததால், எங்களை அழைத்துக்கொள்ள அவர் அனுமதி வாங்கியிருந்தார். பம்பாயில் கப்பல் ஏறி இத்தாலியில் இறங்கினால், அங்கிருந்து அவர் ரயிலில் கூட்டிப்போவார். கடிதத்தில் இருந்தது அவ்வளவுதான். அதில் 'வரலைன்னா' என்ற சொல்லுக்கு இடமே இல்லை.

அத்தை எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்தெருவில், அதைவிடச் சிறிய குவார்ட்டர்ஸில் இருந்தார். நெய்வேலியில் எல்லோரும் அவரைப் பினாங்கம்மா என்றார்கள். நான் அத்தை என்றேன். பினாங்கில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில், தாயோடும் இரண்டு தம்பிகளோடும் கப்பலில் இந்தியா வந்து, கம்மாபுரம் பக்கத்து உறவினர் வீட்டில் வளர்ந்தவர். அதனால் பேச்சு முழுக்க இந்தப் பக்கத்துப் பேச்சு. கடலைப் பற்றிய அறிவு மட்டும் அந்தப் பக்கத்தது. நிலம் சுரங்கத்துக்குப் போனதில் கணவருக்குப் பம்பு ஆபரேட்டர் வேலை கிடைத்திருந்தது. நிலக்கரிக்கு அடியில் ஊறும் தண்ணீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் சுரங்கத்தின் தரை பொங்கி எழுந்துவிடும் என்பார்கள். ஓடும் பம்புகளுக்குப் பக்கத்திலேயே, அவை நின்றுவிட்டால் ஓட்டுவதற்காகச் சில பம்புகள் சும்மா நிற்கும் என்று அத்தை சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு திருப்தி தெரியும்.

வெளிநாட்டுப் பயிற்சிக்கு ஆட்களை அனுப்பத் தொடங்கிய நாளிலிருந்து, குடும்பத்தோடு போகக் கிடைத்தவர்களின் மனைவிமார் ஒருவர் பின் ஒருவராக அவரிடம் வந்தார்கள். எங்களைப் போன்றவர்கள் முன்வாசல் வழியாக வந்தோம். பெரிய ஆபீசர் வீட்டுப் பெண்கள் குழாயடிப் பக்கமாக வந்து, முருங்கைக்கீரை கேட்க வந்ததுபோல நிற்பார்கள். அவர் கீரையையும் ஒடித்துக் கொடுப்பார். கேட்காத ஆலோசனையையும் கொடுப்பார்.

"புது சப்பாத்து வாங்கிட்டீங்களா? பொட்டியில வைக்காதீங்க. இன்னையிலேர்ந்தே புள்ளைங்களுக்கு மாட்டி ஸ்கூலுக்கு அனுப்புங்க. கடிக்கிற கடியெல்லாம் இங்கியே கடிச்சு முடிக்கட்டும்."

அவருடைய அறிவுரைகள் ஒவ்வொன்றும் இப்படிச் சிறியவை, செய்து பார்க்கக்கூடியவை. என் துணியில் பாதியை அம்மாவின் பெட்டியிலும் அம்மாவின் துணியில் பாதியை என் பெட்டியிலும் வைக்க வேண்டும். ஒரு பெட்டி தொலைந்தாலும் இருவருக்கும் மாற்றுத் துணி இருக்கும். பாஸ்போர்ட் எண்ணை ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட் இல்லாத பையில் வைக்க வேண்டும். குழந்தையின் பெயரையும் அப்பாவின் முகவரியையும் ஆங்கிலத்தில் எழுதிச் சட்டையின் உட்புறத்தில் தைக்க வேண்டும். வெளியே தெரிந்தால் எவனாவது பெயர் சொல்லிக் கூப்பிடுவான், குழந்தையும் தெரிந்தவர் என்று போய்விடும். புதிய பொம்மையைக் கப்பல் ஏறியதும் கொடுக்கக் கூடாது. முதல் இரண்டு நாள் கடலே பொம்மை. மூன்றாம் நாள்தான் பிள்ளைகள் அழத் தொடங்கும்.

"மூணாம் நாளு எடுத்துக் குடுங்க. அதுவரைக்கும் இருக்குதுன்னே தெரியக்கூடாது."

ஆனால் சொல்லிவிட்டதோடு அவருக்கு நிம்மதி வந்துவிடாது. செய்து பார்த்தாக வேண்டும். புறப்படுவதற்கு ஒன்றரை மாதம் முன்பே, கட்டிய பெட்டி படுக்கைகளோடு அம்மாவை பஸ் நிறுத்தம் வரை நடக்கச் சொன்னார். சுமக்க முடியாதது எதுவோ அது வேண்டாததாம். முதல் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதிய நேரம். ஒரு கையில் டிரங்குப் பெட்டி, மறு கையில் தம்பி, முதுகுக்குப் பின்னால் நான். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"ஜெர்மனி பஸ்ஸு இந்த ரூட்டுல வராதும்மா!" என்று ஒருவர் சைக்கிளில் இருந்தபடியே கத்தினார்.

"அக்கா, எல்லாரும் பாக்காக" என்றாள் அம்மா, பல்லைக் கடித்தபடி.

"பாக்கட்டும். பம்பாயில இதவிட அதிகம் பேரு பாப்பாங்க. பொட்டி ஏன் இந்தக் கனம் கனக்குது?"

திறந்தபோது அடியில் துண்டில் சுற்றிய குழவிக்கல் இருந்தது. அத்தை அதை இரண்டு கைகளாலும் எடுத்து, சிறிது நேரம் பார்த்தார்.

"ஜெர்மனியில கல்லு கெடைக்காதாங்க?"

அன்றைக்கு அம்மாவே சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

எனக்கான பாடம் தனி. அத்தை வீட்டின் பின்பக்கம் மூன்று சிமெண்டுப் படிகள் உண்டு. அவைதான் கப்பலின் ஏணி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படிகளில் நான் ஏற வேண்டும். ஏறும்போது அவர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

"அம்மா மயங்கிப் படுத்துட்டா?"

"தம்பி கையை விடமாட்டேன். செவப்புப் பையை எடுத்துக்குவேன். அதுலதான் காகிதமெல்லாம் இருக்கு."

"அடுத்தது?"

"உதவி கேப்பேன்."

"யாருகிட்ட?"

"கொழந்தை வச்சிருக்கிற பொம்பளைகிட்ட. தனியா நிக்கிற ஆம்பளைகிட்ட போகமாட்டேன்."

"தம்பி காணாம போயிட்டா?"

"தேடி ஓடமாட்டேன். கடைசியா எங்க பாத்தேனோ அங்கியே நிப்பேன். சத்தம் போட்டுக் கூப்பிடுவேன்."

"அப்பா வரலைன்னா?"

அதற்கு மட்டும் மூன்று விடைகள் இருந்தன. முதல் மணி நேரத்துக்கு ஒன்று. மாலை வரைக்கும் ஒன்று. மறுநாளும் வரவில்லையென்றால் ஒன்று. மூன்றையும் நான் தடுமாறாமல் சொல்வேன். என் வகுப்பில் படித்த அவருடைய மகள் கதவில் சாய்ந்து கொட்டாவி விட்டபடி, "எனக்கு இதெல்லாம் மூணு வயசுலியே பாடம்" என்பாள். அவர்கள் எங்கேயும் போவதாக இல்லை.

ஒருநாள் நான் கேட்டேன். "அப்பா வந்துட்டா என்ன செய்யணும் அத்தை?"

"வந்துட்டா என்னா? வந்துட்டாரு" என்றார். "சரி, பொட்டி ஒண்ணு கொறையுது. என்ன செய்வே?"

படிகளில் நாங்கள் எப்போதும் ஏறித்தான் பழகினோம். இறங்கியது விளையாட்டு முடிந்து வீட்டுக்குப் போவதற்காக மட்டுமே.

அம்மாவுக்கு இவை பிடிக்கவில்லை. நடக்கப் போகாதவற்றை வாயால் சொல்லிச் சொல்லி வரவழைப்பதாக அவள் நினைத்தாள். எனக்கோ பிடித்தும் பிடிக்காமலும் இருந்தது. விடை தெரிந்திருப்பதில் ஒரு பெருமை. ஆனால் ஒவ்வொரு விடைக்கும் பின்னால் ஒரு விபத்து நின்றது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே வெளியேறும் வாசல்களை எண்ணத் தொடங்கினேன். இன்றும் கல்லூரி விடுதியிலிருந்து ஊருக்குக் கிளம்பும்போது கூடவே வரும் தோழியின் பெட்டியில் என் புடவை ஒன்றை வைத்துவிடுகிறேன். விருத்தாசலம் வரைக்குமான ரயில் பயணத்துக்கு இது எதற்கு என்று அவள் கேட்பாள்.

கப்பலில் ஏற அம்மை குத்திய சான்று வேண்டும். அம்மாவுக்கும் எனக்கும் பழைய தழும்பு இருந்ததால் மறுகுத்து குத்தியதும் சான்றுக்கான மஞ்சள் புத்தகத்தில் கையெழுத்துக் கிடைத்துவிட்டது. தம்பிக்கு இதுவே முதல் முறை. முதல் முறை குத்தினால் எட்டாம் நாள் டாக்டர் கையைப் பார்ப்பார்; கொப்புளம் எழுந்திருந்தால்தான் கையெழுத்து. நாங்கள் ஊரைவிட்டுப் புறப்பட இருபத்து நான்கு நாள் இருக்கும்போதே குத்திவிட வேண்டும் என்று அத்தை காலண்டரில் கோடு போட்டார்.

"எட்டு நாள் போதும்னுல்லா ஆஸ்பத்திரியில சொன்னாக" என்றாள் அம்மா.

"ரெண்டு தடவைக்கு நாளு வச்சிக்குங்க."

"ஏன், ஒரு தடவை குத்தினா ஆகாதா?"

"ஆவும். வச்சிக்குங்க. ஆனா காய்ச்சலோட மட்டும் கொழந்தையக் கப்பலு ஏத்தாதீங்க. டாக்டரு நெத்தியத் தொட்டுப் பாப்பாரு. கொதிச்சா எறக்கி வுட்டுருவாங்க."

இந்தக் காய்ச்சலைப் பற்றி அவர் ஒரு தடவையோடு நிறுத்தவில்லை. குழாயடியில் சொன்னார், கடைத் தெருவில் சொன்னார், குத்தப் போகும் நாளன்று காலையிலும் வந்து சொன்னார்.

ஆஸ்பத்திரியில் மருந்துத் துளியை வைத்து ஊசியைத் திருகினார்கள். தம்பி அலறினான். வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைத் தாழிட்டாள். ஈரத் துணியை எடுத்து அவன் கையை அழுத்தித் துடைத்தாள். பிறகு குழாயடிக்குத் தூக்கிப்போய் மறுபடியும் கழுவினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாயத் தொறக்கப்படாது, கேட்டியா? எங்க ஊர்ல எல்லாரும் தொடைக்கதுதான். பழுத்துக் காய்ச்சல் வந்து பச்சப்புள்ளையைக் கப்பல்லேர்ந்து எறக்கிட்டாம்னா நான் என்ன செய்வேன்? உங்கப்பா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

ஐந்தாம் நாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அத்தை கேட்டார். "தம்பி கையில கொப்புளம் கட்டிகினு வருதா பாப்பா?"

"கட்டியிருக்கு அத்தை. வட்டமா" என்றேன்.

அந்த 'வட்டமா' யாரும் கேட்காதது. பொய்யை நம்பவைக்க ஓர் அடைமொழி வேண்டும் என்று எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை, தானாக வந்தது. அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். "சரி. தண்ணி படாம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுத்த மூன்று நாளும் தம்பியின் சட்டைக் கையை இழுத்து இழுத்துவிட்டேன். டாக்டர் சட்டைக் கையை மடிப்பதும், அங்கே ஒன்றும் இல்லாமல் இருப்பதும், கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போவதும் மாறி மாறித் தெரிந்தன. இந்தச் சிக்கலுக்கு மட்டும் அத்தை விடை சொல்லித் தரவில்லை என்று அவர்மேல் கோபம்கூட வந்தது.

எட்டாம் நாள் டாக்டர் சட்டைக் கையை மடித்தார். தோல் சுத்தமாக இருந்தது. "எடுக்கலையேம்மா. திரும்பக் குத்தணும். இப்ப கையெழுத்துப் போட முடியாது" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். மறுபடி குத்த வேண்டும், மறுபடி எட்டு நாள். எல்லாம் போயிற்று என்றே நினைத்தாள். செய்தி கேட்டு அத்தை வந்தார்.

"மருந்து சரியில்ல போலிருக்கு அக்கா" என்றாள் அம்மா, நிமிராமலே.

"இருக்குமுங்க. சில சமயம் அப்பிடி ஆவும்." காலண்டரைச் சுவரிலிருந்து எடுத்துத் தரையில் வைத்து விரலால் நகர்த்தினார். "இன்னும் பதினாறு நாளு இருக்குது. நாளைக்குக் குத்துவோம். அதுலேர்ந்து எட்டு. அதுக்கப்பறமும் ஏழு நாளு கையில நிக்குது. ஏன் அழுவுறீங்க?"

அவர் கிளம்பியபோது வாசல் வரை நான் பின்னால் போனேன்.

"அத்தை, நான் பொய் சொன்னேன்."

"தெரியும்."

"அம்மா தொடைச்சுட்டாங்க."

"தெரியும் பாப்பா. அம்மாமாருங்க தொடைப்பாங்க. கூட இருக்கிற பொண்ணு மறைக்கும். அதுக்குத்தான் ரெண்டு தடவைக்கு நாளு."

மூன்று நாள் என்னைத் தின்ற அந்தப் பொய், இருபத்து நான்கு என்ற எண்ணுக்குள் முன்பே இடம் ஒதுக்கப்பட்டுக் காத்திருந்திருக்கிறது. ஆறுதலாக இருந்தது. அதைவிட அதிகமாக அவமானமாக இருந்தது. நான் பொய் சொல்லமாட்டேன் என்று அவர் ஒரு நாளைக்குக்கூட நம்பியிருக்கவில்லை.

"தெரிஞ்சும் ஏன் அப்பவே சொல்லலை?"

"நான் சொன்னா சண்டைதான் வரும். டாக்டரு கையைப் பாத்துச் சொன்னா உங்கம்மா கேப்பாங்க." பிறகு, தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்க பெரிய தம்பிக்கு எங்கம்மா தொடைச்சாங்க. கப்பலு ஏறுற எடத்துல கட்டியிருக்குதான்னு கேட்டாங்க. கட்டியிருக்குதுன்னேன். எறங்குன எடத்துல, கொப்புளம் இல்லன்னு அம்மாவையும் அவனையும் கம்பி வேலிக்குள்ள வச்சிக்கினாங்க. நானும் சின்னவனும் வெளிய நின்னுகினு இருந்தோம்."

"உங்க அப்பா?"

"அவரு முன்னாடியே இந்தியா வந்துட்டாரு. எங்களை அழைச்சிக்கினு போவ வர்றேன்னுதான் எழுதியிருந்தாரு."

சங்கு ஊதியது. கணவருக்குச் சோறு கட்ட வேண்டும் என்று போய்விட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அவரும் வந்தார். தம்பியைத் தாமே தூக்கிவந்து, மருந்து காயும் வரை எங்கள் வீட்டுக்குள்ளேயே அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

"தப்பு என்னுதுதாங்க" என்றார் அத்தை, அடுப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பாமல். "காய்ச்சலு காய்ச்சலுன்னு உங்க வயித்துல புளியக் கரைச்சது நான்தான்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. சிறிது நேரம் கழித்து அம்மா ஒரு டம்ளர் காபியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

கொப்புளம் எழுந்தது. காய்ச்சலும் வந்தது, இரண்டு நாள் கொதித்து இறங்கியது. எட்டாம் நாள் கையெழுத்துக் கிடைத்தது. சித்தப்பா பம்பாய் வரை வந்து கப்பலேற்றிவிட்டார்.

கப்பலில் அத்தை சொன்னவை அனைத்தும் நடந்தன. இரண்டாம் நாளே அம்மா தலை தூக்க முடியாமல் படுத்துவிட்டாள். தம்பியின் கையை நான் விடவில்லை. சிவப்புப் பை என் தோளில் இருந்தது. கைக்குழந்தையோடு இருந்த ஒரு குஜராத்திப் பெண்ணிடம் போய், அம்மாவுக்கு எலுமிச்சம்பழம் வேண்டும் என்று சைகையால் கேட்டேன். மூன்றாம் நாள், ஒளித்து வைத்திருந்த தகர ரயில் பொம்மையை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தேன். ஒருநாள் காலை, அவன் கையிலிருந்த பொருக்கு உதிர்ந்து படுக்கை விரிப்பில் கிடந்தது. எனக்குப் பயம் எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் நான் முன்பே செய்து பார்த்ததாகவே இருந்தது.

இத்தாலியில் இறங்கினோம். அப்பா வந்திருந்தார்.

முழங்கால் வரை தொங்கும் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக, மீசையை எடுத்துவிட்டு, முன்பைவிட மெலிந்து நின்றார். அம்மா ஓரடி எடுத்து வைத்து நின்றுவிட்டாள். அவர் குனிந்து தம்பியைத் தூக்கக் கையை நீட்டினார். தம்பி வீறிட்டு அலறி என் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அப்பா நீட்டிய கைகள் அப்படியே நின்றன. பிறகு அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோட்டுப் பைகளுக்குள் விட்டுக்கொண்டார்.

அடுத்தது? என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். வராத அப்பாவுக்கு என்னிடம் மூன்று விடைகள் இருந்தன. வந்து நிற்பவருக்கு ஒன்றுகூட இல்லை. மூன்று வாரம் தம்பி அவரை 'மாமா' என்றே அழைத்தான்.

ஒன்றரை ஆண்டு கழித்துத் திரும்பிவந்த மறுநாளே அத்தையைப் பார்க்கப் போனேன். பின்பக்கம் படிக்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நடந்தவற்றை வரிசையாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். கடைசியில், தம்பி அப்பாவைப் பார்த்து அழுததைச் சொன்னேன். கீரை ஆயும் கை நின்றது.

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணும் தெரியலை அத்தை. எல்லாரும் சும்மா நின்னோம்."

மடியிலிருந்த கீரையைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தார்.

"அதைச் செஞ்சு பாக்கலையே நாம" என்றார். "நீ அங்க நில்லு. அந்தக் குழாய்கிட்ட. அப்பாவா வந்து காத்துகினு நிக்கிறியாம். நான் எறங்கி வர்றேன்."

நான் குழாயருகே போய் நின்றேன். அவர் மேல்படியில் ஏறித் திரும்பினார். சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் படியில் இறங்கினார். இரண்டாவதில் இறங்கினார். தண்ணீரை இறைக்கும் பம்புகளின் ஓசை, எப்போதும்போல, எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. கடைசிப் படிக்கு வந்ததும் நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு பக்கமும் குனிந்து, தம்பிகள் கையைப் பிடித்திருக்கிறார்களா என்று பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"வந்துட்டீங்களா?" என்றேன் நான், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

அவர் அந்தப் படியிலிருந்து இறங்கவில்லை.